சுவருக்குள் மறைந்திருக்கும் ஒயரும் பைப்பும்: போஷ் ஜிஎம்எஸ் 120 கருவி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

போஷ் நிறுவனத்தின் ஜிஎம்எஸ் 120, சுவரில் துளை போடுவதற்கு முன் உள்ளே என்ன புதைந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பதற்கான கையடக்கக் கருவி. உலோகங்கள், மின்சாரம் உள்ள ஒயர்கள், பலகைச் சுவருக்குப் பின்னால் நிற்கும் மரச்சட்டங்கள் ஆகியவற்றைத் தேட அதில் மூன்று தனித்தனி நிலைகள் இருக்கின்றன. அலமாரி, திரைச்சீலைக் கம்பி, டிவி ஸ்டாண்டு, கீசர் என்று எதை மாட்டுவதானாலும் நம் கை முதலில் டிரில் மெஷினைத்தான் தேடுகிறது. அதற்கு முன் இதை எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒயரை அறுப்பதும் பைப்பைக் குத்துவதும் பெருமளவு குறையும். அறவே நின்றுபோகும் என்று நம்பி வாங்குகிறவர்களும் இருப்பதால் இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே ஏதோ இருக்கிறது என்று கருவியின் விளக்கு சிவப்பு காட்டினால் அந்த இடத்தை மறுபேச்சின்றி விட்டுவிடலாம், பச்சை காட்டினால், எதைத் தேடி எதைக் காணாமல் அது பச்சை காட்டுகிறது என்று ஒருமுறை யோசித்த பிறகே டிரில் பிட்டைச் சுவரில் வைக்க வேண்டும்.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை ஏறத்தாழ 270 கிராம்; ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியில் இயங்குகிறது; பயன்படுத்தாமல் வைத்தால் ஐந்து நிமிட அளவில் தானாக அணைந்துவிடும். மேற்பகுதியில் ஒளிரும் வளையம் ஒன்றும், அந்த வளையத்தின் நடுவே முழுக்க ஊடுருவும் ஓட்டை ஒன்றும் இருக்கின்றன. கருவியைச் சுவரிலிருந்து எடுக்காமலேயே அந்த ஓட்டை வழியாகப் பென்சிலை விட்டுக் குறியிடலாம் என்பது பார்வைக்குச் சின்ன வசதிதான். ஆனாலும் தினமும் இந்த வேலை செய்கிறவர்கள் இதற்காகவே இக்கருவியை விரும்புவார்கள். ஓட்டை இல்லாத கருவிகளில் விளிம்பில் குறியிட்டு, கருவியை நகர்த்தி, நடுப்புள்ளியைக் கண்ணளவில் ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகத்தில் ஒரு விரல் அகலம் பிசகினால்கூடக் குறி பயனற்றுப் போகும். உலோக நிலையில் அகப்பட்டது காந்தத்தில் ஒட்டும் இரும்பா, ஒட்டாத செம்போ அலுமினியமோ என்பதையும் திரையில் காந்த அடையாளம் ஒன்றின் மூலம் காட்டுகிறது.

இனி எண்களுக்கு வருவோம். இரும்பு 120 மி.மீ., செம்பு 80 மி.மீ., மின்சாரம் உள்ள ஒயர் 50 மி.மீ., மரம் 38 மி.மீ. என்பவை நிறுவனம் கொடுக்கும் ஆழங்கள். இவை ஒவ்வொன்றும் உச்சவரம்பு. பொருள் பருமனாகவும் சுவர் காய்ந்தும் இருந்தால் எட்டக்கூடிய தூரம் இது. எந்தச் சுவரிலும் எந்தப் பொருளும் இந்த ஆழம் வரை தெரியும் என்று இதற்குப் பொருளில்லை. பெயரில் இருக்கும் 120 என்ற எண் இரும்புக்கு மட்டும் உரியது. அந்த எண்ணைப் பார்த்து ஒயரையும் 120 மி.மீ. ஆழத்தில் கண்டுபிடிக்கும் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் கடைக்காரர்களிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலான செங்கல் சுவர்களில் காடி வெட்டி ஒயரிங் பைப்பைப் பதித்து மேலே பூசிவிடுவதால், ஒயர் பூச்சுக்குச் சற்று உள்ளேதான் கிடக்கும். அங்கே 50 மி.மீ. என்பது தாராளமாகப் போதும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே கம்பிக்கட்டுக்குள் வைத்துக் கட்டப்பட்ட பைப்புகளின் கதை வேறு. அவை எந்த ஆழத்திலும் இருக்கலாம்.

உலோக நிலை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அது எங்கே ஏமாறும் என்பதும் தெரிந்துவிடும். கருவிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகிறது. அருகில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அந்தப் புலத்தைச் சற்றே குலைக்கிறது. அந்தக் குலைவைத்தான் கருவி அளக்கிறது. ஆகவே உலோக நிலைக்கு மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. இரும்பு பைப்பையும் செம்பு பைப்பையும் கான்கிரீட் தூணில் உள்ள கம்பியையும் அது நன்றாகக் காட்டுகிறது. தூணின் முகத்தில் கருவியைக் கிடைமட்டமாக நகர்த்தினால் வளையம் பச்சையிலிருந்து மஞ்சளாகி, கம்பிக்கு நேராக வரும்போது சிவந்து, தாண்டியதும் மறுபடி மஞ்சள், பச்சை என்று இறங்குவதைக் காணலாம். சிவப்பு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்து இரண்டுக்கும் நடுவே கோடு போட்டால் கம்பியின் மையம் கிடைத்துவிடும். சிக்கல் வருவது வலையில்தான். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடங்களில் பூச்சு வெடிக்காமலிருக்கக் கம்பிவலை அடித்துப் பூசியிருப்பார்கள். அந்தப் பகுதியில் கருவி இடைவிடாமல் சிவப்பையே காட்டும். வலைக்குப் பின்னால் ஒரு செம்பு பைப் போனாலும் அதைப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. பின்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகை பொருத்திய சுவரிலும் இதே நிலைதான். இதைக் கருவியின் குறையாகச் சொல்வதைவிட அந்தச் சுவரில் இந்த முறை செல்லாது என்று எடுத்துக்கொள்வதே சரி.

மின்சாரம் உள்ள ஒயரைத் தேடும் நிலையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது, தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அந்த நிலைதான். ஒயரில் உள்ள மாறுதிசை மின்னழுத்தம் தன்னைச் சுற்றி வினாடிக்கு 50 அல்லது 60 முறை மாறும் மின்புலத்தை உண்டாக்குகிறது. கருவி அந்தப் புலத்தை உணர்கிறது. மின்னழுத்தம் இல்லாத ஒயர் அதற்கு இல்லாத ஒயர். இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம்: சுவர் விளக்குக்குப் போகும் ஒயர் ஓடும் இடத்தில், விளக்கை அணைத்துவிட்டுக் கருவியை நகர்த்தினால் பச்சை மாறாது, விளக்கைப் போட்டுவிட்டு அதே இடத்தில் நகர்த்தினால் சிவந்துவிடும். சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள துண்டு, சுவிட்ச் போட்டால்தான் மின்சாரம் பெறுகிறது என்பதே காரணம். தேடத் தொடங்கும் முன் அந்தப் பகுதியில் உள்ள எல்லா விளக்குகளையும், மின்விசிறிகளையும், பிளக்கில் மாட்டிய கருவிகளையும் போட்டுவைக்க வேண்டும் என்று கையேடு சொல்வதன் காரணமும் இதுதான். இருவழிச் சுவிட்ச் போட்ட மாடிப்படி விளக்குகளில் இரண்டு நிலைகளிலும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. ஒரு நிலையில் உயிரற்றுக் கிடக்கும் ஒயர் அடுத்த நிலையில் உயிர் பெறும்.

இதே காரணத்தால் இந்த நிலை சிலவற்றைக் காணவே காணாது. கூரையில் உள்ள சூரியத் தகடுகளிலிருந்து இறங்கும் ஒயரில் ஓடுவது திசை மாறாத டிசி மின்சாரம்; அது மாறும் புலத்தை உண்டாக்காது, ஆனால் அதன் மின்னழுத்தம் பல நூறு வோல்ட் வரை இருக்கக்கூடும். தொலைபேசி, இணைய, அழைப்புமணி ஒயர்களையும் இந்த நிலை காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரும்புக் குழாய்க்குள் இழுத்த ஒயரின் புலம் அந்தக் குழாயிலேயே அடங்கிவிடும். இவற்றில் பலவற்றை உலோக நிலை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஒரே இடத்தை இரண்டு நிலைகளிலும் தேடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றில் மட்டும் தேடிவிட்டுத் துளைப்பது பாதி வேலைதான்.

எதிர்த்திசையிலும் ஒரு தொல்லை உண்டு. காய்ந்த சுவரில், குறிப்பாகப் பளபளப்பான பெயின்ட் அடித்த சுவரில், கருவி ஓர் ஒயருக்கு ஒரு முழ அகலம் சிவப்பு காட்டலாம். சுவரின் மேற்பரப்பில் நிலைமின்சாரம் சேர்ந்து, ஒயரின் புலம் அகலமாகப் பரவியதுபோல் தெரிவதால் இப்படி நேர்கிறது. மற்றொரு கையை விரித்துக் கருவிக்குப் பக்கத்தில் சுவரில் பதித்து வைத்துக்கொண்டு நகர்த்தினால் அந்த அகலம் வெகுவாகச் சுருங்கிவிடும். இதுவும் கையேட்டில் சொல்லப்பட்டதுதான், ஆனால் படிப்பவர்கள் குறைவு. கருவி கண்டபடி காட்டுகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒன்றைச் செய்து பார்க்காதவர்களே என்பது என் எண்ணம். ஈரம் ஊறிய சுவர் இதற்கு நேர்மாறானது: ஈரம் மின்புலத்தை மறைத்துவிடுவதால் உள்ளே இருக்கும் ஒயர் தெரியாமலே போகலாம். புதிதாகப் பூசிய சுவரிலும், குளியலறையின் நனைந்த ஓடுகளிலும் பச்சை காட்டினால் அதை நம்புவதற்கில்லை. காயவிட்டுத் தேடுவதே வழி.

மூன்றாவது நிலை ஜிப்சம் பலகைச் சுவருக்கானது. பலகைக்குப் பின்னால் சட்டம் எங்கே நிற்கிறது என்று காட்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. கருவியைப் பலகையில் வைத்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும் என்பதை மறக்காமலிருந்தால் போதும். செங்கல், கான்கிரீட் சுவர்களில் இதற்கு வேலையில்லை.

இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய பலவீனம் பிளாஸ்டிக் பைப். இப்போது தண்ணீர் போவது பெரும்பாலும் பிவிசி, சிபிவிசி, பெக்ஸ் பைப்புகளில்தான். அவற்றில் உலோகமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆகவே உலோக நிலையும் மின்சார நிலையும் பச்சையையே காட்டும்; கருவி பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ரேடார் முறையில் இயங்கும் விலை உயர்ந்த கருவிகளுக்கும் இதில் எல்லை உண்டு. அவை அனுப்பும் அலை, மின்காப்புத் தன்மை சட்டென்று மாறும் இடத்தில்தான் எதிரொலிக்கும். அந்தத் தன்மையைக் குறிக்கும் எண் காற்றுக்கு 1, பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 3, காய்ந்த கான்கிரீட்டுக்கு 4 முதல் 8 வரை, தண்ணீருக்கோ 80. தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பைப் ரேடாருக்குப் பளிச்சென்று தெரிவதும், காலிப் பைப் மங்கலாகத் தெரிவதும் இதனால்தான். எனவே ரேடார் கருவி வைத்திருப்பவர்கள் தேடும்போது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிஎம்எஸ் 120 வைத்திருப்பவர்கள், குளியலறைச் சுவரிலும் சமையலறைத் தொட்டிக்கு மேலேயும் பச்சையை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அங்கே உதவுவது கண்தான். குழாய், ஷவர், கீசர் இணைப்பு, ஃபிளஷ் தொட்டி என்று வெளியே தெரியும் ஒவ்வொரு முனைக்கும் பைப் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அந்த முனைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், ஒரே மட்டத்தில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவிலும் துளை போடாமலிருப்பது அடிப்படை. சூடும் குளிரும் கலக்கும் மிக்ஸரிலிருந்து ஷவருக்கு ஏறும் பைப், அந்த இரண்டுக்கும் இடையே செங்குத்தாகத்தான் போகும் என்று எடுத்துக்கொண்டு, இருபுறமும் ஒரு சாண் தள்ளியே நிற்க வேண்டும். சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பார்ப்பது அவசியம். வரவேற்பறையில் படம் மாட்டப் போகும் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையாக இருக்கலாம். மின்சாரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சுவிட்ச் போர்டுக்கும் பிளக் பாயின்டுக்கும் மேலே, கீழே, பக்கவாட்டில் நேர்கோட்டில் ஒயர் ஓடும் என்பது பொதுவான நடைமுறை. பிரிட்டனின் பி.எஸ். 7671 மின்விதிகள், 50 மி.மீ. ஆழத்துக்குள் பதிக்கும் ஒயருக்குத் தனிப் பாதுகாப்பு இல்லையென்றால் அது இந்த நேர்கோட்டுப் பட்டைகளிலோ, சுவர் கூரையையும் மற்ற சுவரையும் சந்திக்கும் ஓரத்திலிருந்து 150 மி.மீ. அகலத்துக்குள்ளோதான் போக வேண்டும் என்கின்றன. விதி இருக்கும் ஊரிலும் பழைய வீட்டில் ஒயரைக் குறுக்காக இழுத்துச் சென்றவர்கள் உண்டு. ஆகவே கண் சொல்லும் வரைபடத்தைக் கருவியும், கருவி சொல்லும் பச்சையைக் கண்ணும் சரிபார்க்க வேண்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படமெடுத்து வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு எந்தக் கருவியும் அந்தப் படத்துக்கு ஈடாகாது.

கருவியை நகர்த்தும் விதம் முடிவை மாற்றிவிடும். வேகமாக இழுக்கக் கூடாது. சுவரோடு ஒட்டி, அழுத்தாமல், மெதுவாக நகர்த்த வேண்டும். முதலில் கிடைமட்டமாக, பிறகு அதே பரப்பைச் செங்குத்தாக. ஒயர் ஓடும் திசையிலேயே கருவியையும் நகர்த்தினால் குறி ஏறி இறங்காமல் ஒரே அளவாக இருந்துவிடும். அதை வெற்றுச் சுவரின் இரைச்சல் என்று ஒதுக்கிவிட நேரும். துளை வரப்போகும் புள்ளியை மட்டும் தொட்டுப் பார்ப்பது போதாது. அதைச் சுற்றிக் குறைந்தது ஒரு முழப் பரப்பைத் தேடினால்தான் ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்ற வடிவம் பிடிபடும். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் ஒயர் இருப்பது உறுதியான இடத்தில், அதாவது சுவிட்ச் போர்டை ஒட்டி, கருவி சிவக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், வேலை முடிந்தபின் அங்கேயே மறுபடி பார்ப்பதும் நல்ல வழக்கம். பேட்டரி தளர்ந்துபோன கருவி காட்டும் பச்சையைவிட ஆபத்தானது வேறில்லை.

தேடும்போது மின்சாரம் இருக்க வேண்டும், துளைக்கும்போது இருக்கக் கூடாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்: பாதுகாப்பு என்று நினைத்து முதலில் மெயினை அணைத்துவிட்டு, பிறகு ஒயரைத் தேடி, ஒன்றுமில்லை என்று கண்டு, டிரில்லுக்காக மெயினைப் போட்டுத் துளைக்கிறார்கள். பேட்டரி டிரில் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. அது இல்லாதபோது, அந்தச் சுவரின் சுற்றுக்கு உரிய எம்.சி.பி.யை, அதாவது மெயின் பெட்டியில் அந்தச் சுற்றுக்கென்று இருக்கும் தனிச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, வேறு சுற்றிலிருந்து நீட்டிப்பு ஒயர் போட்டுக்கொள்ளலாம். கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சாதனம் வீட்டில் இருப்பது கூடுதல் காப்பு. அதை நம்பித் துளைப்பது அறிவீனம். துளையின் ஆழத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். திருகாணிக்காகத் துளையில் செருகும் 6 மி.மீ. பிளக்குக்கு 35 மி.மீ. ஆழம் போதும் என்றால், பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிவிட்டு அங்கேயே நிறுத்த வேண்டும். தொடக்கத்தில் டிரில்லின் ஹாமரை (இடித்துத் துளைக்கும் நிலையை) அணைத்து, மெதுவான வேகத்தில், பிட்டிலிருந்து உதிரும் தூளைப் பார்த்துக்கொண்டே போவது நல்லது. பூச்சின் சாம்பல் தூள், செங்கல்லின் சிவப்புத் தூள் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது, வெள்ளையாகவோ சாம்பலாகவோ சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் சீவல் வந்தால் அது பைப்பின் தோல். அந்தக் கணத்தில் நிறுத்தினால் பல நேரம் பைப் தப்பிவிடும்.

மாற்று வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேனா வடிவ மின்சார டெஸ்டர், வெளியே தெரியும் ஒயரில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க ஏற்றது. பூச்சுக்குள் தேடச் செய்யப்பட்டதன்று. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் உலோகம் தேடும் செயலிகள், திசைகாட்டிக்காக உள்ளே இருக்கும் காந்த உணரியைத்தான் பயன்படுத்துகின்றன. அவை இரும்பை உணரும், செம்பை உணரா. ஆணியின் தலையைக் கண்டுபிடிக்க அது போதும், ஒயருக்கு உதவாது. ரேடார் வகையில் இதே நிறுவனத்தின் டி-டெக்ட் 200 சி, 200 மி.மீ. ஆழம் வரை எட்டும் என்று அறிவிக்கப்பட்டது. பொருளின் இருப்பிடத்தைத் திரையில் படமாகவே காட்டுகிறது. ஏசி மாட்டுகிறவர்கள், சமையலறை அமைப்பவர்கள், கான்கிரீட்டில் பெரிய துளை போடுகிறவர்கள் அதை வாங்கினால் செலவு வீண்போகாது. அறிமுகமில்லாத வீடுகளில் நாள்தோறும் துளைக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தச்சருக்கும் ஜிஎம்எஸ் 120 போதுமான கருவி. வீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கும் பயன்படும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படம் மாட்டுகிறவர், ஸ்விட்ச் போர்டையும் குழாயையும் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டு, அதிலிருந்து தள்ளித் துளைத்தாலே போதும். தேவைப்படும் அன்று தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாக வாங்குகிறவர்கள், நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். உணரி இருக்கும் பின்பகுதியில் பெயர்ச்சீட்டு எதையும் ஒட்டக் கூடாது. உலோகத் தகட்டுச் சீட்டு ஒட்டினால் கருவி முதலில் கண்டுபிடிப்பது அதையாகத்தான் இருக்கும்.